தகவல் பெருகிய இந்தக் காலத்தில் மனிதர்களுக்குள் நம்பிக்கை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா?

குறைந்துவிட்டது என்றுதான் சொல்வேன். நீங்கள் பேச்சுப்போட்டிக்கோ கட்டுரைக்கோ கேட்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு இது என் கம்பெனிக்குள்ளேயே நடந்த விஷயம்.

திருப்பூரில் 12 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து, அதாவது மற்றவர்களின் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். 2023 மார்ச் முதல் வாரம், துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற பீகார் தம்பி மத்தியானத்திலிருந்து மெஷினில் உட்காரவே இல்லை. என்னடா என்றால் போனை நீட்டுகிறான். தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டுகிறார்கள் என்று இந்தியில் போட்டு ஒரு வீடியோ. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, அது பிப்ரவரியில் கோவை கோர்ட் பக்கத்தில் நடந்த கொலை, வெட்டியவர்களும் செத்தவரும் உள்ளூர் ஆட்கள். அரைகுறை இந்தியில் சொல்லிப் பார்த்தேன், இதெல்லாம் பொய் என்று அப்போதைய டிஜிபி சைலேந்திரபாபு பேசிய வீடியோவையும் காட்டினேன். தலையை ஆட்டினான். அதற்குள் ஊரிலிருந்து போன், அவன் அம்மா அழுகிற சத்தம் எனக்கே கேட்டது. ஒன்றரை வருஷம் என்னிடம் வேலை பார்த்தவன், என் வீட்டு விசேஷத்தில் பந்தி பரிமாறியவன், அன்றைக்கு டீக்கடைக்குப் போகக்கூட துணைக்கு ஆள் தேடினான். ராத்திரியே பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விட்டான்.

அப்போது ஊருக்குக் கிளம்பிய வடமாநிலத் தொழிலாளர்கள் ஹோலிக்குத்தானே போனார்கள் என்று இங்கே யாராவது வருவீர்கள். அப்படிப் போனவர்களும் உண்டு, மறுக்கவில்லை. இவன் ஹோலிக்கு டிக்கெட் போடவில்லை, அது எனக்குத் தெரியும்.

அவன் போனதில் ஆர்டர் தள்ளிப்போனது. ஆர்டர் கொடுத்தவர் அதைச் சொல்லிப் பீஸுக்கு ஒரு ரூபாய் பிடித்துக்கொண்டார், பழைய பில்லே அப்போது 90 நாளாக நின்றுகொண்டிருந்தது. ஜாப் ஒர்க் செய்கிறவன் படுகிற பாட்டை எந்தச் சேனலும் காட்டவில்லை.

சரி, உறுத்துவதைச் சொல்லிவிடுகிறேன். அதே வருஷம் ஜனவரியில், வடமாநிலத் தொழிலாளர்கள் சிலர் திருப்பூரில் நம் ஆட்களை விரட்டுகிற வீடியோ ஒன்று சுற்றியது. என்ன தகராறு, யார் ஆரம்பித்தது, ஒன்றும் விசாரிக்காமல் இரண்டு குரூப்பில் நானே போட்டேன், கூடவே கோபமாக நாலு வரி எழுதி. எழுதும்போது இவன் பத்தடி தள்ளி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தான். அப்புறம் மார்ச்சில், போனில் வந்ததை ஏன் நம்பினாய் என்று அவனை எந்த வாயால் கேட்பது?

ஏப்ரலில் திரும்பி வந்தான். அம்மா கொடுத்தனுப்பியது என்று ஒரு டப்பா நிறைய தேக்குவா, கோதுமை மாவும் வெல்லமும் சேர்த்துப் பொரித்தது. அந்தப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஜனவரியில் நான் போட்டதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை.