டெராஹெர்ட்ஸ் அலையால் ஒரு பொருளை உடைக்காமல் உள்ளே பார்ப்பது எப்படி?

கோயம்பேடு சந்தையில் தேங்காய் வாங்குபவர் அதை உடைத்துப் பார்ப்பதில்லை. தட்டி, திரும்பி வரும் சத்தத்தை வைத்தே உள்ளே எப்படி என்று சொல்லிவிடுவார். டெராஹெர்ட்ஸ் சோதனையும் கிட்டத்தட்ட அதேதான், தட்டுவது மட்டும் அலையால்.

நொடிக்கு லட்சம் கோடி முறை அதிரும் அலைதான் 1 டெராஹெர்ட்ஸ். அலைநீளம் 0.3 மில்லிமீட்டர். மைக்ரோவேவுக்கும் அகச்சிவப்புக்கும் நடுவில் இதன் இடம். காகிதம், துணி, பிளாஸ்டிக், காய்ந்த மரம் எல்லாவற்றையும் ஊடுருவும். உலோகத்தில் பட்டால் திரும்பிவிடும். தண்ணீரோ அப்படியே உறிஞ்சிவிடும்.

சரி, மேல்பூச்சு போட்ட ஒரு மாத்திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அலைத் துடிப்பு ஒன்றை அனுப்பினால், பூச்சின் மேற்பரப்பிலிருந்து ஓர் எதிரொலி, பூச்சு முடியும் இடத்திலிருந்து இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள நேரமே பூச்சின் தடிமனைச் சொல்லிவிடும். கார் பெயின்ட்டின் அடுக்குகளையும் இப்படி அளக்கலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் வேறொன்று. படிகத்துக்குள் மூலக்கூறுகள் சேர்ந்து ஆடும் ஆட்டம் பெரும்பாலும் இந்த அதிர்வெண்ணில்தான் நடக்கிறது. அதனால் ஒரே மருந்து வேறு விதமாகப் படிகமானாலும், எந்த அதிர்வெண்களை உறிஞ்சுகிறது என்பதை வைத்துப் பிரித்தறியலாம்.

சென்னையின் புழுக்கம் இதற்கு ஆகாது. காற்றின் ஈரமே அலையை விழுங்கும் என்பதால், அலை போகும் பாதையை மூடி உலர்ந்த காற்றோ நைட்ரஜனோ நிரப்புவார்கள்.

அப்புறம், பலர் நினைப்பதுபோல் இது எக்ஸ்ரே அல்ல: இதன் ஒவ்வொரு ஃபோட்டானும், அதாவது ஒளித்துகளும், சுமக்கும் ஆற்றல் பல லட்சம் மடங்கு குறைவு, தோலிலுள்ள ஈரத்தைத் தாண்டி எலும்பு வரை போகவும் போகாது.