குச்சியை யார் எடுத்தது?

அன்புள்ள ஐயா,

ஒரு பழைய மேசை விளக்கின் படம் பார்த்தேன். தங்கப்பூச்சு போட்ட வெண்கலம். ஒரு பெண் தலைக்கு மேல் துணியைச் சுழற்றுகிறாள், அந்தச் சுழலுக்குள் பல்பு. நடனக் கலைஞர் லோயி ஃபுல்லர், சிற்பி ரவுல் லார்ஷ் என்று போட்டிருந்தது. ஃபுல்லரின் தாக்கத்தால்தான் ஆர் நூவோ என்ற வளைகோட்டு அலங்காரப் பாணி உருவானதா? நடனக் கலைஞர் இசடோரா டங்கனும் இதே வகைதானா?

ச.

அன்புள்ள ச.,

'தாக்கம்' என்ற சொல்லைக் கொஞ்ச நாள் பரண்மேல் போடுங்கள். யாரைப் பற்றிக் கேட்டாலும் அதுதான் வருகிறது. வளைகோடு ஃபுல்லருக்கு முன்பே இருந்தது, அவர் வந்ததும் அதற்கு வெறி பிடித்தது. டங்கனை இதில் இழுக்க வேண்டாம். அவர் உடலைக் காட்டி ஆடினார், இவர் உடலை மறைத்து ஆடினார்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது வேறு காரணத்துக்காக. அந்தப் படத்தில் கைகளைப் பார்த்தீர்களா? பல்பைத்தான் பார்த்திருப்பீர்கள். திரும்பப் போய்ப் பாருங்கள். குச்சி இருக்காது.

மேடையில் இருந்தது. துணிக்குள் மறைத்த நீளமான குச்சிகளைப் பிடித்துச் சுழற்றித்தான் ஃபுல்லர் அத்தனை பட்டுத்துணியையும் தலைக்கு மேல் எழுப்பினார். இது எனக்குப் படித்து மட்டும் தெரிந்ததல்ல. பதினைந்து வயதில் ஒரு கோடை விடுமுறை முழுக்கச் சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். ஈரத்துணியை ஆளுக்கொரு முனை பிடித்து உதற வேண்டும். கை வீசி ஒரு கணம் கழித்துத்தான் துணியில் அலை கிளம்பும். அவசரப்பட்டு மறுபடி வீசினால் அலை பாதியிலேயே செத்துவிடும். "துணி வர்ற வரைக்கும் பொறுடா" என்று மேஸ்திரி பிடரியில் ஒன்று வைப்பார். ராத்திரி சோறு பிசையக் கை எழும்பாது. அது வெறும் ஆறு கெஜம். ஃபுல்லரின் தோள்பட்டையை நினைத்துக்கொள்கிறேன்.

1892இல், பாரிஸுக்குப் போகும் முன்பு, துணி சுழற்றும் தன் 'பாம்பு நடனத்தை' இன்னொரு பெண் ஆடுகிறாள் என்று நியூயார்க்கில் வழக்குப் போட்டார். கதை சொல்லாத நடனம் நாடகப் படைப்பு ஆகாது, அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று தீர்ப்பு வந்தது. நடனம் யாருக்கும் சொந்தமில்லை, சரி. குச்சி வைத்த உடைக்கு 1894இல் காப்புரிமை வாங்கினார். அந்த நடனத்தில் சட்டத்தின் கண்ணில் அவருக்குச் சொந்தமானது அந்தக் குச்சியும் துணியும்தான்.

சிற்பிகள் முதலில் நீக்கியது அந்தக் குச்சியைத்தான். 1900 வாக்கில் வந்த லார்ஷின் விளக்கில் துணி தானாகவே தீ போல மேலே எழும்புகிறது. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக சிற்பி அகத்தோன் லெயோனார் பிரான்ஸின் செவ்ர் ஆலைப் பீங்கானில் செய்த 15 பெண்களின் துணிகளும் நோகாமல் பறக்கின்றன. உழைப்பைக் கழித்துவிட்டு வடிவத்தை மட்டும் வார்த்து, அடியில் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். கதை சொல்லாத நடனத்துக்கு உரிமை இல்லை, கதை சொல்லாத விளக்குக்கு மட்டும் சிற்பியின் கையெழுத்து! இதைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

ஓவியர் துலூஸ்-லோத்ரெக்கை மட்டும் விட்டுவிடுகிறேன். 1893இல் அவர் போட்ட கல்லச்சுப் படத்திலும் குச்சி இல்லைதான். மேலே ஒரு சின்னத் தலை, கீழே கால், நடுவில் மேகம். ஆனால் சுமார் 60 பிரதிகளையும் வெவ்வேறு வண்ணத்தில் எடுத்தார், சிலவற்றில் பொன்துகளும் தூவினார். மேடையில் ஃபுல்லரின் விளக்குகள் நொடிக்கு நொடி நிறம் மாற்றியதை, தாளுக்குத் தாள் மாற்றிக் காட்டிய மனிதர் அவர். அவர் நிஜமாகவே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

ஃபுல்லரின் காப்புரிமைப் பத்திரத்தில் ஒரு கோட்டுப்படம் உண்டு, தேடிப் பாருங்கள். அழகு என்று ஒன்றும் இல்லை. குச்சி இருக்கிறது.

அப்புறம், அந்த விளக்கை வாங்கும் எண்ணத்தில் கேட்டீர்களா? நிறையப் போலிகள் உண்டு, காசைக் கொட்டிவிடாதீர்கள்.