இரண்டு பேர் நாடகத்துக்கு ஒரு ஜமுக்காளம்

கேள்வி: அப்பா, மகள் என இருவர் மட்டும் நடிக்கும் 45 நிமிட நாடகத்தை இயக்கியிருக்கிறேன். மதுரையில் ஒரு கல்லூரி அரங்கில் நன்றாக வந்தது. மேலூர்ப் பக்கம் ஓர் ஊர்க் கலையரங்கத்தில் எடுபடவே இல்லை. அடுத்து உசிலம்பட்டியில் ஒரு பள்ளியிலும் கல்யாண மண்டபத்திலும் கூப்பிட்டிருக்கிறார்கள். இடத்துக்கு இடம் புதிதாக இயக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒத்திகையில் "வலது மூலைக்குப் போ, நாலடி முன்னால் வா" என்று மேடையை வைத்துச் சொல்லியிருப்பீர்கள். மேடை மாறினால் அந்த மூலையே இருக்காது. "அப்பா பேப்பரை மடித்ததும் மகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வருகிறாள்" என்று எதிரில் இருப்பவரை வைத்துச் சொல்லிப் பாருங்கள். எங்கே போனாலும் அந்தத் தூரம் கூடவே வரும்.

நம் பக்கத்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்கள் ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நடத்துகிறார்கள். யார் எந்தப் பக்கம் வருவது, எங்கே நிற்பது எல்லாம் மரபாகவே அவர்களுக்குள் பதிந்திருக்கிறது. புது நாடகத்துக்கு அந்த வசதி இல்லை. ஒத்திகையில்தான் அதைப் பழக்க வேண்டும்.

அதற்கு நான் நம்புவது ஒரு ஜமுக்காளத்தை. 12 அடிக்கு 10 அடி போதும். ஒத்திகை முழுக்க அதன் மேலேயே நடக்கட்டும். போகிற ஊருக்கெல்லாம் சுருட்டி எடுத்துப் போங்கள். பெரிய மேடையா, முன்விளிம்பை ஒட்டி விரியுங்கள். ஓரங்களை டேப் போட்டு ஒட்ட மறக்காதீர்கள். ஒரு மண்டபத்தின் வழவழப்பான டைல்ஸில் நான் சும்மா விரித்துவிட்டேன். மகள் கோபமாகத் திரும்ப, ஜமுக்காளம் மடிந்து, அவள் அப்பா மடியிலேயே போய் விழுந்தாள். சண்டைக் காட்சிக்குச் சபையே சிரித்தது.

கலையரங்கத்தில் எடுபடாததற்குப் பார்வையும் காரணமாக இருக்கலாம். மேடை நாலடி உயரம், சனம் தரையில் உட்கார்ந்திருக்கிறது. நடிகர் மேடையில் எட்டடி உள்ளே தள்ளிச் சம்மணம் போட்டால் முன்வரிசைக்குத் தலை மட்டும்தான் தெரியும். தரையில் உட்காரும் காட்சியை விளிம்புக்குக் கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் முக்காலி கொடுங்கள். பள்ளியில் மேடையே இல்லாமல் வகுப்பறைத் தரையில் நடந்தால் கதை தலைகீழ்: உட்கார்ந்தவர் பின்வரிசைக்கே தெரியமாட்டார். அப்போதும் முக்காலிதான். இருவரும் ஒருவரையொருவர் மறைக்காமலிருக்கக் மூலைவாட்டில் நிறுத்துங்கள். ஊரில் மூன்று பக்கமும் ஆள் உட்காருவார்கள்.

குரலுக்கு, காலி அரங்கில் ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். எதிர்ச்சுவர் 55 அடிக்கு மேல் தள்ளியிருந்தால் தட்டிய சத்தம் தனியாகத் திரும்பி வரும். அங்கே வேகமாகப் பேசினால் ஒரு சொல் இன்னொன்றின் மேல் ஏறும். கூட்டம் நிறைந்தால் எதிரொலி கொஞ்சம் அடங்கும், அதை நம்பி இருக்க வேண்டாம்.

லைட்: 1000 வாட் ஹாலோஜன் ஒன்று சுமார் 4.3 ஆம்பியர் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் வேண்டாம். எல்இடி கிடைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. வெளியில் மைக் கட்டினால் இரவு 10 மணிக்குள் முடித்துவிடுங்கள்.

அப்புறம், கல்யாண மண்டபத்துக்காரரிடம் ஃபேன் எப்படிச் சத்தம் போடுகிறது என்று முன்பே கேளுங்கள். சித்திரை வெயிலில் அதை நிறுத்தச் சொன்னால் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். மகள் கிசுகிசுக்கிற வசனம் இருந்தால், அந்த ஒரு நாளைக்கு அதை எடுத்துவிட்டுச் சும்மா அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.