கண்டுக்குட்டி பல்லு நெரிக்குது, கிணத்துக்கு ரெசின் பில்டர் போடவா?

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் இருந்து எழுதிறன் ஐயா. வளவுக் கிணத்துத் தண்ணிதான் எங்களுக்குக் குடிக்க, மாட்டுக்கு, கத்தரி மிளகாய்க்கு எல்லாத்துக்கும். ரெண்டு மாசத்துக்கு முதல் மச்சான் ஆக்கள் வலைக்கு ஈயமணி ஊத்திறதுக்கு எண்டு பழைய லேண்ட்மாஸ்டர் (கை உழவு மெசின்) பற்றரி நாலஞ்ச கிணத்தடியில வச்சு உடைச்சவங்க. இப்ப ஒரு கண்டு செத்துப் போச்சு, மத்தது பல்லை நெரிச்சுக்கொண்டு சுத்திச் சுத்தி நடக்குது. பில்டர் விக்கிற ஒருத்தர் வந்து தண்ணிக்குள்ள கரண்ட் கம்பி விட்டுக் காட்டினாரு, எங்கட தண்ணி மண்ணிறமாகிட்டு, அவரு கொண்டு வந்த போத்தல் தண்ணியில ஒண்டும் வரல்ல, அதெல்லாம் ஈயமும் கட்மியம் எண்ட நஞ்சு உலோகமும் எண்டாரு. ரெசின் பில்டர் போட்டாச் சரி வருமா, ரெண்டு ஏக்கர் வேளாமைக்கும் அதால விடலாமா?

பதில்: தம்பி, பில்டர் கதை புறகு. முதல்ல இண்டைக்கே மிருக வைத்தியருக்கு கோல் எடுத்து, கிணத்தடியில பற்றரி உடைச்சது எண்டு மறக்காம சொல்லுங்க, அதைச் சொல்லாட்டி அவரு வேற வருத்தம் எண்டு நினைக்கலாம். பல்லு நெரிக்கிறது, சுத்தி நடக்கிறது, காது துடிக்கிறது, சுவத்துல தலையை முட்டிக்கொண்டு நிக்கிறது, கண் தெரியாம போறது, இதெல்லாம் மாட்டுக்கு ஈயம் ஏறினா வாற குணம். ஆனா விசர்நாய்க்கடி நோய்க்கும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், அதால வெறுங்கையை கண்டுட வாய்க்குள்ள விட்டுப் பாக்கிற வேலை வேணாம். பற்றரித் தகடு கண்டா மாடு விடாது, நக்கித் தீர்த்திரும். என்ட கணக்குக்கு உங்கட கண்டு தண்ணி குடிச்சுப் படுக்கல்ல, மண்ணை நக்கித்தான் படுத்திருக்கு.

ஈயம்தான் எண்டு தெரிஞ்சா வைத்தியர் கல்சியம் ஈடிடிஏ எண்ட மருந்தை நரம்புல ஏத்துவாரு. அது ரத்தத்துல கிடக்கிற ஈயத்தைக் கவ்விப் பிடிச்சு மூத்திரத்தோட வெளிய கொண்டு போகும். உங்கட ரெசினும் இதே வித்தைதான். வாவி நண்டு பிடிச்சிருப்பீங்க தானே, ரெண்டு கொடுக்கால கவ்வினா விடுமா? இந்தச் சாமானுக்கு கீலேட் எண்டு பேர் வந்ததே கிரேக்கத்துல நண்டுக் கொடுக்குக்கு உள்ள சொல்லுல இருந்துதான். ஈடிடிஏ தண்ணியில கரைஞ்சு திரியிற நண்டு, ரெசின் எண்டா அதே மாதிரிக் கொடுக்கை பிளாஸ்டிக் மணியில ஒட்டி வச்சது, மணி ஒண்டு கடுகு அளவு இல்லாட்டி அதைவிடச் சின்னன். தண்ணி மணிக்குள்ளால போகும், ஈயம் கொடுக்குல மாட்டிக்கும்.

தண்ணிட சுண்ணாம்பை எடுக்கிற சாதாரண சொப்னர் ரெசினும் உலோகம் பிடிக்கும்தான், ஆனா நம்மட கிணத்துல சுண்ணாம்பு மிச்சம், அதுட இடத்தையெல்லாம் கல்சியமே பிடிச்சிரும். கீலேட் ரெசின் ஆள் பாத்துப் பிடிக்கும். இமினோடயசெற்றிக் எண்ட வகை கல்சியத்தை விட ஈயத்தை ஆயிரம் மடங்கு அளவுல விரும்பும், செம்பு அதுக்கும் மேல, கட்மியம் எண்டா பதினஞ்சு மடங்கு அளவுதான். ஆசனிக் எண்ட பாசாணத்தை இந்த வகை பிடிக்கவே மாட்டுது, அதுக்கு இரும்பு ஒக்சைட் போட்ட வேற சாமான் வேணும், புளோரைட்டையும் இது பிடிக்காது. அதால "எல்லா நஞ்சையும் எடுக்கும்" எண்டு ஒருத்தன் சொன்னா அவன்ட கதையை அதோட விட்டுருங்க.

அந்தக் கம்பி விளையாட்டைச் சொல்லணும், எனக்கு அதைக் கேட்டாலே கடுப்பு. அந்தக் கம்பியில ஒண்டு வெறும் இரும்பு. கரண்ட் போனா இரும்பு கரைஞ்சு துரு ஆகும், நீங்க கண்ட மண்ணிறம் அவருட கம்பித் துருதான் தம்பி. அவரு கொண்டு வந்த சுத்தத் தண்ணியில ஒண்டும் வராதது, அதுல உப்பு இல்லாததால கரண்ட் ஓடாதபடியால. மறுகா வந்தா அவருட போத்தல் தண்ணியிலயே ஒரு நுள்ளு கறியுப்பைப் போட்டு கம்பியை விடச் சொல்லுங்க, அதுவும் மண்ணிறமாகும். டீடீஎஸ் மீட்டர் எண்டு ஒண்டைக் காட்டுவாங்க, அதுவும் உப்பு மொத்தத்தைத்தான் காட்டும். குடிதண்ணியில ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வச்ச அளவு லீட்டருக்கு 0.01 மில்லிகிராம், அது அந்த மீட்டர்ல தெரியவே தெரியாது.

லெப்ல குடுத்துத்தான் பாக்கணும். நான் வேலைக்கு வந்த புதுசுல சோடாப் போத்தல்ல தண்ணி கொண்டு போய் நிண்டு ஏச்சு வாங்கினவன், அதால சொல்றன், போத்தலை லெப்லயே கேட்டு வாங்குங்க, உலோகம் போத்தல் சுவர்ல ஒட்டாம இருக்க அவங்க நைத்திரிக் அமிலம் விட்டுத் தருவாங்க, அதைக் கழுவிப்போடாதீங்க. பம்பை கொஞ்ச நேரம் ஓட விட்டுப் பிடியுங்க. ஈயம், கட்மியம், ஆசனிக், இரும்பு, கடினத்தன்மை, பீஹெச் (புளிப்புத்தன்மை) இவ்வளவையும் கேளுங்க. கொழும்புல கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகத்துல செய்வாங்க. ரிப்போட் வரும் வரைக்கும் குடிக்க சமைக்க வேற தண்ணி பாருங்க, கொதிக்க வச்சா உலோகம் போகாது, தண்ணி வத்தி இன்னும் கூடத்தான் செய்யும்.

ரிப்போட்ல ஈயம் கூட எண்டு வந்தா குடிதண்ணிக்கு மட்டும் ரெசின் போடலாம், தப்பில்ல. ஆனா கிணத்துல இரும்பு இருந்தா முதல்ல காத்துப் பட விட்டு மணல்ல வடிக்கணும், இல்லாட்டி துரு மணியை மூடிரும். ஒரு லீட்டர் ரெசினுக்கு மணித்தியாலத்துக்கு பத்து லீட்டர் மட்டுல மெதுவா விடணும். நிறைஞ்சா அமிலத்தால கழுவி திருப்பிப் பாவிக்கலாம் எண்டுவாங்க, நீங்க அதைச் செய்யாதீங்க, கழுவின தண்ணியில அவ்வளவு ஈயமும் சேந்து கிடக்கும், அதைத் திரும்ப கிணத்தடியில ஊத்தினா என்ன பிரயோசனம்?

வேளாமைக்கு எண்டா கணக்கு இடிக்குது. ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குலம் தண்ணி கட்ட ஒரு லெட்சம் லீட்டருக்கு மேல வேணும், அதை ஒரு நாளைக்குள்ள வடிக்க 400 லீட்டருக்கும் கூட ரெசின் வேணும், பெரிய பரல் ரெண்டு. வயலை வித்துத்தான் வாங்கணும். தேவையும் இல்ல: பாசனத் தண்ணியில ஈயத்துக்கு எப்ஏஓ (ஐநாட உணவு விவசாய நிறுவனம்) சொல்ற எல்லை லீட்டருக்கு 5 மில்லிகிராம், மாடு குடிக்கிற தண்ணிக்கு 0.1. கட்மியப் பயம் இருந்தா கதிர் வாற நேரம் வயலைக் காய விடாதீங்க, தண்ணி நிண்டா கட்மியம் சேத்துக்குள்ளயே கட்டுப்பட்டுக் கிடக்கும். ஆனா ஆசனிக்குக்கு இது தலைகீழ், தண்ணி நிண்டா நெல்லுக்குள்ள கூட ஏறும், அதுக்குத்தான் ரெண்டையும் டெஸ்ட்ல கேக்கச் சொன்னன்.

இப்ப சல்லி செலவில்லாத வேலை ஒண்டு கிடக்கு. பற்றரி உடைச்ச இடத்தை இண்டைக்கே அடைச்சு மாடும் பிள்ளைகளும் போகாம பண்ணுங்க. மழைக்கு முதல், மண்ணை நனைச்சு தூசி எழும்பாம, கையுறை போட்டு, கறுத்த மண் முழுக்க வெட்டி உர பேக்கில கட்டி கூரைக்குள்ள வையுங்க, பிரதேச சபையில கேக்காம வாய்க்கால்லயும் வாவிக்கரையிலயும் கொட்டாதீங்க. கூட நிக்கிற பசுட பாலை வைத்தியர் சொல்லும் வரைக்கும் விக்கவும் வேணாம், வீட்டுக்கும் வேணாம். சின்னப் பிள்ளைகள் அந்த இடத்துல விளையாடினதா, ஈயம் உருக்கேக்க பக்கத்துல நிண்டதா எண்டு எழுதுங்க, நிண்டிருந்தா ஆசுபத்திரியில சொல்லி ரத்தத்துல ஈயம் பாக்கணும், அதுக்கு என்ட பதிலைக் காத்துக்கொண்டு இருக்க வேணாம்.