ஆடியில் போட்ட விதை அழுகிவிட்டது. கேரள எல்லைப் பக்கம் வீட்டுத் தோட்டத்தில் எந்த மாதம் எதை விதைப்பது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லோரும் சொன்னதை நம்பி வெண்டை, பாகல், கத்தரி, தக்காளி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஊன்றியிருக்கிறீர்கள். பாதி முளைக்கவில்லை, முளைத்ததும் கழுத்தழுகி விழுந்துவிட்டது, பழமொழியே பொய்யா என்று கேட்கிறீர்கள். பழமொழி பொய்யில்லை. உங்கள் ஊருக்குச் சொன்னது இல்லை, அவ்வளவுதான்.

ஊர்ப் பெயரை நீங்கள் எழுதவில்லை. "மலையடிவாரம், எல்லைக்குப் பக்கம்" என்பதை வைத்துச் சொல்கிறேன். சென்னையிலோ மதுரையிலோ வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் இடம் வாங்கி வீடு கட்டியிருப்பீர்கள். பின்னால் நாலைந்து சென்ட் கிடக்கும். மாடியில் வைக்கப் பைகளும் வாங்கியாயிற்று. எந்த மாதம் எந்த விதை என்று கட்டம் கட்டிய ஓர் அட்டவணையை யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார்கள். அந்த அட்டவணையைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் இருப்பது செங்கோட்டைக்கு மேற்கே, புளியரை. சோதனைச்சாவடி தாண்டி மலை ஏறினால் கோட்டைவாசல், அப்புறம் ஆரியங்காவு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரிலும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும்தான் இருந்தது. எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு காலண்டர் தொங்கும். ஒன்று தமிழ், ஒன்று மலையாளம். அத்தை (என் மாமியார்) பிறந்தது ஆரியங்காவு பக்கம். நல்லது கெட்டதுக்குத் தமிழ்க் காலண்டர், மண்ணைத் தொடுவதற்கு மலையாளக் காலண்டர் என்பது அவர் கணக்கு.

வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே மாதங்கள்தான். நம் ஆடிதான் அவர்களுக்குக் கர்க்கடகம். இந்தப் பக்கம் "தேடி விதை" என்கிற மாதத்துக்கு அந்தப் பக்கம் பஞ்ச மாதம் என்று பெயர். மழை கொட்டும், வயல் வேலை நின்றுபோகும், பழைய காலத்தில் பத்தாயம் (நெல் சேமிக்கும் மரப்பெட்டி) காலியாகிற நேரம். அப்போது அவர்கள் புதிதாக விதைப்பதில்லை, இருக்கிற இலைகளைப் பறித்துச் சாப்பிடுவார்கள். சேம்பு இலை, சேனை இலை, பூசணி இலை, தகரை என்று பத்து வகை இலை சேர்த்து அத்தை தோரன் (தேங்காய் போட்ட பொரியல்) வைப்பார். முருங்கை இலையை மட்டும் அந்த மாதம் தொட விட மாட்டார்.

எங்கள் ஊர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆனியில் ஆரியங்காவு கணவாய் வழியாக மேல்காற்று (மேற்கிலிருந்து வரும் காற்று) இறங்கும். சுரண்டை பக்கம் காற்றாலைகள் சுற்றுவது இந்தக் காற்றில்தான். கூடவே சாரல். குற்றாலத்தில் குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகம். ஆனால் வாரக்கணக்கில் வெயில் முகம் பார்க்காத ஈர மண்ணில் வெண்டை விதை என்ன செய்யும்? ஊறும், அழுகும். கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் போய்ப் பாருங்கள், அதே ஆடியில் கரிசல் காய்ந்து கிடக்கும். ஒரே மாவட்டம்தான். அட்டவணை போடுகிறவர்கள் இதையெல்லாம் எங்கே பார்க்கிறார்கள்?

ஆகவே இந்தப் பக்கம் ஆடியில் விளைய வேண்டியதை வைகாசியிலேயே போட்டுவிட வேண்டும். கோடை மழை இரண்டு பெய்து மண் பொலபொலவென்று ஆனதும் வெண்டை, பயறு, புடலை, பாகல், பீர்க்கு ஊன்றிவிடுவோம். கத்தரி, மிளகாய் நாற்றுப்பாத்தியும் அப்போதே. சாரல் வரும்போது செடி முழங்கால் உயரம் நின்றால் போதும், அதன்பின் அழுகாது. வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கு வந்துவிடும் என்பதால் ஆனி கடைசியில் பறிக்கலாம். பந்தலை மட்டும் உயரமாகப் போடாதீர்கள். ஆள் குனிந்து நுழைகிற உயரம் போதும், மேற்குப் பக்கம் தென்னை ஓலைத் தட்டி. முருங்கைக் கொப்பைக் காற்று வருவதற்கு முன்னால் வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் காற்றே வெட்டிவிடும்.

ஆடியில் எதுவுமே நடக்கூடாதா என்றால், நடலாம். சிறுகிழங்கு இருக்கிறதே! முளைக்கவிட்ட கிழங்கிலிருந்து வரும் கொடியின் நுனியைக் கிள்ளி ஆடி, ஆவணியில் பாரில் (மண்ணை அணைத்த மேட்டு வரிசையில்) நட்டால், சாரலில் வேர் பிடித்துக்கொள்ளும். மார்கழி கடைசியில் தோண்டினால் பொங்கலுக்குச் சரியாக இருக்கும். தென்காசிப் பக்கம் சிறுகிழங்கு இல்லாமல் பொங்கல் கிடையாது. நாட்டு அவரையும் ஊன்றலாம், ஆனால் மேட்டுக்குழியில். பகல் குறைந்து பனி விழத் தொடங்கினால்தான் அது பூக்கும். புரட்டாசியிலேயே "இலைதான் வருகிறது, பூவே இல்லை" என்று பிடுங்கிவிடாதீர்கள்.

மிளகுக் கொடி, செம்பருத்திக் குச்சி, நந்தியாவட்டைக் குச்சி ஆகியவற்றுக்கு அத்தை பார்ப்பது திருவாதிரை ஞாற்றுவேலை. சூரியன் திருவாதிரையில் நிற்கிற நாட்கள், அதாவது ஜூன் 22 வாக்கில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை. விடாமல் நூலாகப் பெய்கிற மழை, நடுவில் கொஞ்சம் வெயில். குச்சியை ஊன்றினால் பிடிக்கும். பறங்கிகள் (போர்த்துக்கீசியர்கள்) மிளகுக் கொடியைப் பெயர்த்துக்கொண்டு போகிறார்கள் என்று முறையிட்டபோது, "கொடியைத்தானே கொண்டுபோவார்கள், நம் திருவாதிரை ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியுமா?" என்று கோழிக்கோட்டு ராஜா சாமூதிரி சமாதானம் சொன்னதாக அங்கே ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, கணக்கு சரி. ஜோசியம் பேசுகிறாள் என்று யாராவது கிளம்பி வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: நட்சத்திரத்தைப் பார்ப்பது மழையைக் குறித்து வைத்துக்கொள்ளும் வழி, அதற்கு மேல் எனக்கும் அதில் பக்தி இல்லை.

சாரல் காலத்தில் இன்னொரு தொல்லை தேனீ. தூறலில் தேனீ வெளியே வராது. பூசணி பூவாகப் பூத்துத் தள்ளும், பிஞ்சு மஞ்சளாகி உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்துக் கடைக்காரர் கொடுக்கிற எதையாவது வாங்கி ஊற்றுவார்கள். அதற்குத் தேவை உரமில்லை. காலையில் எட்டு மணிக்குள் பந்தலடிக்குப் போங்கள். மெல்லிய நீளக் காம்பில் நிற்பது ஆண் பூ. இதழுக்கு அடியில் குட்டிக் காய் போல உருண்டு இருப்பது பெண் பூ. ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்தெறிந்துவிட்டு, நடுவிலுள்ள மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தேய்த்துவிடுங்கள். விரலில் மஞ்சள் தூள் ஒட்டினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். பூ நனைந்திருந்தால் பயனில்லை. அதனால் மாலையிலேயே நாளை விரியப்போகிற மொட்டுகளைப் பார்த்து மேலே சேம்பிலை கவிழ்த்துவிடுவார் அத்தை. பீர்க்குப் பூவும் புடலைப் பூவும் சாயங்காலம்தான் விரியும், அவற்றுக்குக் காலையில் போய்ப் பிரயோஜனமில்லை.

ஆவணி வந்தால் ஓணம். இங்கேதான் என் வயிற்றெரிச்சல். சமாச்சாரத்துக்கு வெளியே போகிறேன், வேண்டாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். என் வீட்டுக்காரரின் மாமா மகன் புனலூரில் இருக்கிறார். ஓணத்துக்கு நாங்கள் போகும்போது ஒரு முறம் நிறைய வெண்டை, புடலை, பயறு, கேந்திப்பூ (செண்டுமல்லி) எல்லாம் கொண்டுபோவது வழக்கம். ஒரு வருடம் பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவியலைக் காட்டி, "மதினி, இது மருந்தடிச்ச பாண்டிக் காய் இல்லையே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பாண்டி என்றால் அங்கே தமிழ்நாட்டுக்காரர்களை இளக்காரமாகச் சொல்வது. எல்லோரும் சிரித்தார்கள். தமிழ்நாட்டுக் காயெல்லாம் விஷம் என்று அங்கே டிவியில் சொல்லிச் சொல்லி ஊறிப்போயிருக்கிறது. இங்கே யாரும் மருந்தே அடிப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. அடிக்கிறார்கள். ஆனால் ஒரு புள்ளி, ஒரு புழுத்துளை இருந்தால் பாகற்காயைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார்? பளபளப்பும் வேண்டும், மருந்தும் கூடாது என்றால் எப்படி? ஆவணி அத்த நட்சத்திரம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாள் அவர்கள் முற்றத்தில் போடுகிற பூக்களத்தில் பாதிக்கு மேல் எல்லை தாண்டிப் போகிற நம் கேந்தியும் வாடாமல்லியும்தான், அதற்கு மட்டும் பாண்டி என்ற பேச்சு வருவதில்லை. அத்தைதான் பதில் சொன்னார்: "இது நான் தொட்டு வளர்த்ததுடா, கர்க்கடகத்துல உன் வீட்டுல என்ன இருந்துச்சு?" அதோடு பேச்சு நின்றது.

நியாயமாகச் சொன்னால் அவர்கள் அரசாங்கம் செய்வதையும் சொல்ல வேண்டும். ஓணத்துக்கு ஒரு முறம் பச்சைக்கறி (காய்கறி) என்று திட்டம் போட்டு, வீட்டுத் தோட்டத்துக்கு விதையும் நாற்றும் கொடுக்கிறார்கள். குடும்பஸ்ரீ என்கிற மகளிர் குழுப் பெண்கள் ஓணத்துக்கென்றே செண்டுமல்லி போடுகிறார்கள். நல்ல காரியம்.

கேந்தி என்றதும் பூ ஞாபகம் வருகிறது, கேட்டிருந்தீர்கள். ஆனி தொடக்கத்தில் நாற்று நட்டு, கொஞ்சம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை அடித்து ஆவணிக்குப் பூக்கும். உயர ரகம் காற்றில் சாயும், குச்சி கட்டுங்கள். மல்லியைக் கார்த்திகைக் கடைசிக்குள் கவாத்து செய்யுங்கள், பங்குனியிலிருந்து பூக்கும். பிச்சிக்கு மார்கழி. வெட்ட மனசு வராமல் விட்டீர்களென்றால் இலையைத்தான் தலையில் வைக்க வேண்டும்.

புரட்டாசியில் காற்று அடங்கி வெயில் சுள்ளென்று அடிக்கும். இனி நல்ல காலம்தான் என்று தோன்றும், ஐப்பசியில் கொண்டல் மழை (வடகிழக்குப் பருவமழை) வந்து பாத்தியைக் கரைத்துவிடும். அதனால் புரட்டாசியில் கீரை, முள்ளங்கி போதும். தக்காளி நாற்றைக் கார்த்திகையில் மழை ஓய்கிற சமயம் பார்த்து நடுங்கள். தை, மாசியில் பழம் கிடைக்கும். சாரலில் தக்காளி நட்டால், பச்சைப்பசேலென்று நிற்கிற செடி ஒரே நாளில் துவண்டு விழும். தண்ணீர் ஊற்றினாலும் எழாது. அது பாக்டீரியா வாடல். தண்டை வெட்டிக் கண்ணாடித் தம்ளர் நீரில் நிறுத்தினால் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூலாகக் கசியும். புளிப்பு மண்ணில் இது அதிகம். நடுவதற்கு முன் கும்மாயம் (சுண்ணாம்புத் தூள்) தூவி மண்ணைக் கொத்திவிட வேண்டும். கேரள வேளாண் பல்கலைக்கழகம் இந்த வாடலைத் தாங்குகிற சக்தி, முக்தி, அனகா என்ற ரகங்களை வெளியிட்டிருக்கிறது. எங்களுக்குச் சக்தி நன்றாக வருகிறது. காய் சிறிது, ரசத்துக்குப் போதும்.

தை கடைசியில் வெள்ளரி போட்டால் சித்திரை விசுவுக்குக் கனி காண மஞ்சள் வெள்ளரி வீட்டிலேயே தயார். தடியங்காயும் (நீற்றுப்பூசணி) அப்போது போடலாம். சேனைக்கு மாசி. "கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன் கண்ணளவு" என்பார் அத்தை. கும்பம் மாசி, மீனம் பங்குனி. கோடையில் வெண்டை போட்டால் வெள்ளை ஈ வந்து இலை நரம்பெல்லாம் மஞ்சளாகும், அந்தச் செடியை இரக்கப்படாமல் பிடுங்கிவிடுங்கள்.

வேளாண்மை படித்தவர்கள் இதில் தவறு இருந்தால் சொல்லலாம், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் கோயம்புத்தூருக்குப் போட்ட அட்டவணையைக் கொண்டுவந்து கீழே ஒட்ட வேண்டாம். கேட்டவரும் இதை அப்படியே நகல் எடுக்காதீர்கள். கம்பம் மெட்டுக்குக் கீழே ஒரு மாதிரி, பாலக்காட்டுக் கணவாயில் ஒரு மாதிரி, மார்த்தாண்டத்தில் வேறு மாதிரி. உங்கள் ஊரில் மேல்காற்று என்று இறங்குகிறது, கொண்டல் எப்போது தொடங்குகிறது என்று அக்கம்பக்கத்தில் வயதான பெண்கள் யாரையாவது கேளுங்கள். ஆண்களைக் கேட்டால் ரியல் எஸ்டேட் விலை சொல்வார்கள்.

மாடியில் வைக்க வாங்கிய பைகளை வீணாக்க வேண்டாம். ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, காற்று மேலே தாண்டிப் போகிற மாதிரி வையுங்கள். அடியில் இரண்டு செங்கல். துளை அடைத்திருந்தால் இப்போதே குத்திவிடுங்கள்.