ஆக்ஸ்பர்க்: ஒரு மில்காரர் பார்க்க வேண்டிய ஊர்

வணக்கம் ஐயா,

கோவையில் ஒரு நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். செப்டம்பரில் நானும் வீட்டுக்காரம்மாவும் மியூனிக்கில் இருக்கும் மகளிடம் போகிறோம். உங்கள் ஜெர்மனிக் குறிப்புகளில் ஆக்ஸ்பர்க் பற்றி நாலு வரி எழுதி, அவசியம் போக வேண்டிய ஊர் என்று முடித்திருந்தீர்கள். மருமகனிடம் சொன்னேன். "அது ஃபேக்டரி ஊர் மாமா. பழைய ஊர்னு காட்டுறதுல பாதி, குண்டு விழுந்து திரும்பக் கட்டினது. அன்னைக்கு அரண்மனை பார்த்துட்டு வரலாம்" என்கிறார். எங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு நாள். போகலாமா? போனால் எதைப் பார்ப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஐயா,

மருமகன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. ஃபேக்டரி ஊர்தான், குண்டு விழுந்த ஊர்தான். ஆனால் முப்பத்தொரு வருடம் மில்லில் இருந்த ஒருவர், மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் ஒரே ஓர் ஊரைப் பார்ப்பதென்றால், நான் அரண்மனையை விட்டுவிட்டு இங்கேதான் அனுப்புவேன்.

கி.மு. 15-ல் ரோமானியர்கள் போட்ட ஊர் அது. அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் பெயர்தான் ஆக்ஸ்பர்க் என்று தேய்ந்து நிற்கிறது. ஆனால் இன்று நாம் பார்க்கும் ஊரை உண்டாக்கியது பஞ்சும் தண்ணீரும். 1367-ல் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஹான்ஸ் ஃபுக்கர் என்ற நெசவாளர் பிழைக்க வந்தார். அங்கே அப்போது வெனிஸ் வழியாக வந்த பருத்தியை ஆளி நாரோடு கலந்து நெய்தார்கள். அந்த நெசவாளரின் பேரன்தான் யாக்கோப் ஃபுக்கர். துணியிலிருந்து செம்புக்கும் வெள்ளிக்கும் போய், கடைசியில் புனித ரோமானியப் பேரரசின் சக்கரவர்த்தியைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலுக்கே கடன் கொடுத்த மனிதர்.

1505-ல் லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்குக் கிளம்பிய போர்த்துகீசியக் கடற்படையோடு போன மூன்று கப்பல்களுக்குப் பணம் போட்டவர்களில் ஆக்ஸ்பர்க்கின் வெல்சர், ஃபுக்கர் குடும்பங்களும் உண்டு. நம் மேற்குக் கரையின் மிளகுக்காகத்தான். அந்தப் பயணத்தில் போன ஒருவரின் குறிப்புகளை வைத்து, ஆக்ஸ்பர்க் ஓவியர் ஹான்ஸ் புர்க்மையர் 1508-ல் மரச்செதுக்குப் படங்கள் போட்டார். அதில் கொச்சி ராஜா பல்லக்கில் வருகிறார். ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே உட்கார்ந்து, கண்ணால் பார்க்காத கொச்சியை ஒருவர் மரத்தில் செதுக்கியிருக்கிறார். எனக்கு அந்த ஊர்மேல் பிரியம் தொடங்கியது அந்தப் படத்திலிருந்துதான்.

காலையில் முதலில் ஃபுக்கராய்க்குப் போங்கள். யாக்கோப் ஃபுக்கர் ஏழைகளுக்காக 1521-ல் ஏற்படுத்திய குடியிருப்பு. உலகத்தில் இன்னும் ஆள் குடியிருக்கும் இந்த மாதிரி இடங்களில் மிகப் பழையது என்கிறார்கள். சுமார் நூற்றைம்பது பேர் இருக்கிறார்கள். வருட வாடகை அந்தக் கால நாணயமான ரைன் கில்டர் ஒன்று, இன்றைய கணக்கில் 88 யூரோ சென்ட். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு! வெப்பமூட்டும் செலவு தனி. ஆக்ஸ்பர்க்வாசியாக, கத்தோலிக்கராக, வசதி இல்லாதவராக இருக்க வேண்டும். தினம் மூன்று ஜெபம் சொல்ல வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு வாசல் கதவு சாத்திவிடுவார்கள்.

அங்கே வீடுகளின் வாசலில் தொங்கும் அழைப்புமணிக் கம்பிகளைக் கவனியுங்கள். இரும்பில் அடித்தவை. ஒன்று முடிவது இலை வடிவத்தில், இன்னொன்று வேறு மாதிரி. தெருவிளக்கு இல்லாத காலத்தில் இருட்டில் கையால் தடவியே தன் வீடு எது என்று கண்டுபிடிக்கத்தான் இப்படி என்று சொல்கிறார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தடவிப் பார்த்தேன். விளிம்பெல்லாம் மழுங்கி, வழவழவென்று இருந்தது. வேலை முடிந்து ராத்திரி திரும்பியவர்கள் எத்தனை பேர் பிடித்து இழுத்திருப்பார்கள்!

இசைமேதை மோட்சார்ட்டின் கொள்ளுத்தாத்தா, கொத்தனார், இங்கே குடியிருந்தவர்.

அங்கிருந்து லெக் நதியின் வாய்க்கால்கள் ஓடும் பகுதி பக்கம்தான். ஐயா, என்னைக் கேட்டால் ஊரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே வாய்க்கால் ஓடுகிறது. சில வீடுகளுக்குள் நுழையவே ஒரு சின்னப் பாலம் தாண்ட வேண்டும். தண்ணீர் நிதானமாகப் போவதில்லை, விரைகிறது. அந்த வேகத்தைத்தான் ஊர் அறுநூறு வருடமாக வேலை வாங்கியிருக்கிறது. சிவப்பு வாயில் என்ற கோட்டை வாசல் பக்கத்தில் தண்ணீர்க் கோபுரங்கள் நிற்கின்றன. வாய்க்கால் தண்ணீரே சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் பம்பை ஓட்டும், பம்பு குடிதண்ணீரைக் கோபுர உச்சிக்கு ஏற்றும், அங்கிருந்து தானாகவே குழாய் வழியாக ஊருக்குள் இறங்கும். குடிக்கிற தண்ணீரையும் தொழிலுக்கான தண்ணீரையும் 1545-லேயே பிரித்துவிட்டார்கள். தொற்று கிருமியால் வருகிறது என்று யாருக்கும் தெரியாத காலம் அது! 1609-ல் கட்டிய இறைச்சி அங்காடிக்கு அடியில்கூட வாய்க்காலை விட்டிருக்கிறார்கள். இறைச்சி சூடேறாது, கழிவும் போய்விடும். இந்த ஏற்பாடு முழுவதையும் 2019-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

1879-ல் ஆற்றோரத்தில் புது நீரேற்று நிலையம் வந்ததும் கோபுரங்களுக்கு ஓய்வு. அதற்கு எந்திரம் செய்து கொடுத்தது உள்ளூர் எந்திரத் தொழிற்சாலை. அதே தொழிற்சாலைக்குத்தான் 1893-ல் ருடால்ஃப் டீசல் தன் எஞ்சின் யோசனையோடு வந்தார். நாலு வருடம் போராடினார்கள். 1897 பிப்ரவரியில் சோதித்தபோது, எரிபொருளின் சக்தியில் 26 சதவீதத்துக்கும் மேல் வேலையாக மாறியது. அன்றைய சாதாரண நீராவி எஞ்சின்கள் இதில் பாதியைக்கூடத் தொடவில்லை. அடுத்த வருடம் நியூரம்பர்க் நிறுவனம் ஒன்றோடு இணைந்த அந்தத் தொழிற்சாலைதான் பின்னால் லாரியும் எஞ்சினும் செய்யும் எம்.ஏ.என். ஆனது. நம் ஊர் பங்க்கில் "டீசல் போடுங்க" என்கிறோமே, அது இந்த ஊரில் படித்து வளர்ந்த ஒரு மனிதரின் பெயர். தொழிற்சாலை ரோபோக்கள் செய்யும் குக்கா (KUKA) நிறுவனத்தின் பெயரில் கடைசி எழுத்தான 'A'வும் ஆக்ஸ்பர்க்தான். அதனால் பழைய ஊரா தொழில் ஊரா என்று கேட்டால் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரே தண்ணீர்தான் இரண்டுக்கும் ஓடியிருக்கிறது.

குண்டு விழுந்ததற்கும் தொழில்தான் காரணம். மெசர்ஷ்மிட் போர்விமானங்கள் இங்கே தயாராயின. டாஹாவ் என்ற நாஜி வதைமுகாமின் கிளை முகாம்களிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்து அதில் வேலை வாங்கினார்கள். தொழிலால் வளர்ந்த ஊர் என்று பெருமையாகப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது. 1944 பிப்ரவரி 25, 26 தேதிகளில் விழுந்த குண்டுகளில் ஃபுக்கராயின் பெரும்பகுதியும் நகரமன்றமும் எரிந்தன. நகரமன்றத்தின் பொன் மண்டபம் பதினாலு மீட்டர் உயரம், நடுவில் ஒரு தூண் கிடையாது. இன்று நீங்கள் பார்ப்பது 1996-ல்தான் முடிந்தது. திரும்பக் கட்டியது என்பதால் மதிப்புக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. அத்தனை வருடம் கழித்தும் அது வேண்டும் என்று நினைத்து, செய்துகாட்டும் தச்சர்களையும் தங்கமுலாம் பூசுபவர்களையும் வைத்திருந்திருக்கிறார்கள்.

மத்தியானம் முழுக்க ஜவுளி மற்றும் தொழில் அருங்காட்சியகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை, அன்று போக வேண்டாம். 1836-ல் தொடங்கிய கம்பளி நூற்பாலை வளாகத்தில் 2010-ல் திறந்தார்கள். ஒரு காலத்தில் ஜெர்மனியின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய ஊர். போன நூற்றாண்டின் கடைசி முப்பது வருடங்களில் மில்கள் ஒவ்வொன்றாக மூடின. கோவைக்காரருக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே பழைய தறிகளைச் சும்மா நிறுத்தி வைக்காமல் ஓட்டிக் காட்டுகிறார்கள். குறுக்கு நூலோடு நாடா பாயும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அப்புறம், ஓர் அச்சுத்துணி ஆலையின் மாதிரிப் புத்தகங்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துணித்துண்டுகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்த அச்சுத்துணியின் கதை நம்மையும் தொடுகிறது. 18-ஆம் நூற்றாண்டில் யோஹான் ஹைன்ரிஷ் ஷூலே என்பவர் இந்திய வெள்ளைத் துணியை வாங்கி, அதில் பூ அச்சடித்துப் பெரும் பணக்காரரானார். அவர் அரண்மனை மாதிரிக் கட்டிய ஆலையின் முகப்பு சிவப்பு வாயில் பக்கம் இன்னும் நிற்கிறது. ஆனால் இந்தியத் துணி வந்து குவிந்ததில் உள்ளூர் நெசவாளர்களின் தறி நின்றது. 1794-ல் அவர்கள் திரண்டு நகரமன்றத்துக்கே போனார்கள். பிறகு இயந்திரத் துணி வந்து நம் தறிகள் நின்ற கதையை நாம் நிறையப் படித்திருக்கிறோம். நம் துணியால் இன்னோர் ஊரில் தறி நின்ற கதையை நான் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். அன்று சாயங்காலம் வாய்க்கால் ஓரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

போக்குவரத்து சுலபம். மியூனிக்கிலிருந்து விரைவு ரயிலில் அரை மணி, சாதாரண வண்டியில் முக்கால் மணி. மூன்று நாலு பேராகப் போனால் பவேரியா டிக்கெட் என்ற ஒரு நாள் பயணச்சீட்டு லாபம். வார நாளில் காலை ஒன்பதுக்கு மேல்தான் அது செல்லும். மருமகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தறிப் பக்கம் நீங்கள்தான் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு உதவி. அருங்காட்சியகத்தில் நெய்யும் துண்டுகளைக் கீழே கடையில் விற்கிறார்கள். நான் ஒன்று வாங்கி வந்தேன், என்ன கவுண்ட் (எவ்வளவு மெல்லிசு) நூல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் விரலால் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவீர்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.