உபரி உணவு யார் கைக்கு, எப்படிப் போகிறது? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பசியோடு ஒருவர் உணவு வங்கிக்கு நேரே சென்றால் சாப்பாடு கிடைக்குமா?

பதில்: பெரும்பாலும் கிடைக்காது. உணவு வங்கி என்பது சாப்பாட்டுக்கூடம் அன்று, மொத்தக் கிடங்கு. ஆலைகளிலும் பண்ணைகளிலும் கடைகளிலும் விற்காமல் தேங்கிய நல்ல உணவைத் திரட்டி, தரம் பார்த்துப் பிரித்து, சமூகச் சமையற்கூடங்களுக்கும் காப்பகங்களுக்கும் விநியோக மையங்களுக்கும் அனுப்புவதே அதன் வேலை. 1967-இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் தொடங்கியதுதான் உலகின் முதல் உணவு வங்கி.

கேள்வி: தேதி கடந்த பொருளை ஏழைகளின் தலையில் கட்டுவது நியாயமா?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் உறையில் அச்சாகும் தேதிகள் இரு வகை. ஒன்று, பாதுகாப்பைக் குறிப்பது. அது கடந்த உணவை யாருக்கும் கொடுக்கக் கூடாது. மற்றது, சுவையும் மணமும் குன்றாதிருக்கும் காலத்தை மட்டும் குறிப்பது. அது கடந்த உலர் பொருள்களைச் சோதித்த பிறகு, சட்டம் அனுமதிக்கும் நாடுகளில், வழங்கலாம். நான் பொருள் பிரிக்கும் மேசையில் நின்ற நாள்களில் ஒவ்வொரு டின்னையும் கையில் சுழற்றித்தான் பார்ப்போம்: பக்கவாட்டில் லேசான நெளிவு மட்டும் இருந்தால் வழங்குவதற்கு எடுத்து வைப்போம், மூடி உப்பியிருந்தாலோ, மூட்டில் நெளிவு விழுந்திருந்தாலோ தயங்காமல் ஒதுக்கிவிடுவோம். நாம் உண்ணத் துணியாததைப் பிறருக்குக் கொடுப்பது உதவி ஆகாது.

கேள்வி: விருந்தில் மிஞ்சிய சமைத்த உணவைக் கொடுக்கலாமா?

பதில்: பரிமாறாத உணவாக இருக்க வேண்டும். சூடான உணவு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காமலும், குளிர்ந்தது 5 பாகைக்கு மேலே ஏறாமலும் சென்று சேர வேண்டும். முன்கூட்டியே தகவல் சொல்லுங்கள்; மிஞ்சிய பிறகு வண்டி தேடினால் நேரம் கடந்துவிடும்.

கேள்வி: எந்த ஊருக்கு எந்தப் பொருள் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

பதில்: இத்துறையின் கடினமான கேள்வி இதுதான். அமெரிக்காவின் உணவு வங்கிகளை இணைக்கும் ஃபீடிங் அமெரிக்கா அமைப்பு, நன்கொடையாக வரும் லாரிச் சரக்கை வரிசை முறையில் ஒதுக்கி வந்தது; அதனால் உருளைக்கிழங்கு விளைந்து குவியும் ஐடஹோவுக்கே உருளைக்கிழங்கு போய்ச் சேரும் நிலை ஏற்பட்டது. 2005-இல் அம்முறையை மாற்றி, தேவை மிகுந்த வங்கிக்கு மிகுதியாகக் கிடைக்கும்படி ‘பங்கு’ என்னும் உள் நாணயத்தைப் பகிர்ந்தளித்து, அதைக் கொண்டு வேண்டிய சரக்கை ஏலத்தில் கேட்கச் செய்தார்கள். காய்கறிகள் ஏற்கெனவே தாராளமாகக் கிடைக்கும் வங்கி, தன் பங்குகளைச் சேமித்து, தனக்குக் கிடைக்காத தானிய உணவுக்குச் செலவிட முடிந்தது. ஏலம் என்றதும் ஏழை வங்கி தோற்றுவிடுமோ என்று முதலில் நானும் அஞ்சினேன். செலவான பங்குகள் அன்றன்றே எல்லா வங்கிகளுக்கும் திரும்பப் பகிரப்படுவதை அறிந்தபோதுதான் அந்த அச்சம் நீங்கியது.

கேள்வி: வழக்கு வருமென்று அஞ்சும் கடைக்காரரிடம் என்ன சொல்வது?

பதில்: அவர் நாட்டுச் சட்டத்தைக் காட்டுங்கள். நல்லெண்ணத்துடன் கொடுப்பவருக்கு அமெரிக்கா 1996 முதல் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது. பிரான்சிலோ 400 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அங்காடிகள், உண்ணத்தக்க உணவை வேண்டுமென்றே பாழாக்குவதை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

கேள்வி: பொருள் கொடுப்பதா, பணம் கொடுப்பதா?

பதில்: கிடங்கைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பல நேரங்களில் பொருள் தயாராக இருக்கும். அதை ஏற்றி வரும் வண்டிக்கு டீசல் போடத்தான் பணம் இருக்காது.